கூச்சத்துக்கு ஒரு டானிக்

வேலையில் உயர்வு வந்தால் மனிதர்கள் வீட்டுக்குப் பூவும் பழமும் வாங்கிக்கொண்டு போவார்கள். எனக்கு வந்த அன்று நான் ஒன்றும் வாங்கவில்லை. கடைவீதியைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டு இருட்டிய பிறகுதான் வீட்டுக்குப் போனேன்.

அறுபதுகளின் பின்பாதி. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையின் பின்கட்டில் மடிப்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தறியிலிருந்து வந்த புடவையைப் பிரித்து, முந்தானை மேலே தெரிகிற மாதிரி மடித்து, ஜரிகையோடு ஜரிகை உரசாமல் நடுவில் மெல்லிய தாள் கொடுத்து அடுக்க வேண்டும். ஜன்னல் கிடையாது. ஒரு குண்டு பல்பு, நான், புடவைகள், அவ்வளவுதான். நாள் முழுக்க யாரிடமும் பேச வேண்டியதில்லை. இதைவிட நல்ல வேலை உலகத்தில் இருக்க முடியாது என்று நினைத்திருந்தேன். இன்றைக்கும் அந்த எண்ணம் மாறவில்லை.

எனக்கு மனிதர்களைக் கண்டால் பயம். ஒருவர் இருவர் என்றால் சமாளித்துவிடுவேன். நாலு பேர் சேர்ந்து என் முகத்தையே பார்த்தால் தீர்ந்தது. உள்ளங்கை நனைந்துவிடும், விரல் நடுங்கும், நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். பள்ளிக்கூடத்தில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்னால் பாடம் தெரியாதவன் மாதிரி நின்று அடி வாங்குவேன். தெரிந்த பாடத்துக்கு அடி வாங்கியவன் எங்கள் வகுப்பில் நான் ஒருவன்தான். கல்யாணப் பந்தியில் எதிர் வரிசையில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள் என்று சோற்றில் கை வைக்க முடியாமல் வயிறு சரியில்லை என்று எழுந்து வந்திருக்கிறேன். வீட்டில் இதற்குக் கூச்சம் என்று பெயர். வயசு ஆனால் போய்விடும் என்றார்கள். வயசு மட்டும்தான் ஆனது.

என்னைப் பின்கட்டிலிருந்து வெளியே இழுத்துப் போட்டது என் கைராசி. சிரிக்காதீர்கள். முகூர்த்தப் புடவையை யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பது எங்கள் ஊரில் சாதாரண விஷயமில்லை. ஒரு விற்பனையாள் எடுத்துக் கொடுத்த புடவையில் கல்யாணமான பெண் நன்றாக வாழ்ந்துவிட்டால், அடுத்த பெண்ணுக்கும் அந்த ஆளையே தேடி வருவார்கள். ஒரு நாள் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு வைணவக் குடும்பம் வந்திருந்தது. முன்னால் விரித்த எதுவும் பிடிக்கவில்லை. உள்ளேயிருந்து இன்னும் கொஞ்சம் கொண்டு வா என்று எனக்குக் குரல் வந்தது. தலையைக் குனிந்துகொண்டு கைநிறையப் புடவையோடு போனேன். பெண்ணின் தாயார் மேலே இருந்த அரக்கு நிறப் புடவையை என் கையிலிருந்தே எடுத்து, இதுதான் என்றார். நான் திரும்பி உள்ளே ஓடிவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு வருஷம் திரும்புவதற்குள் ஆண் குழந்தை, மாப்பிள்ளைக்கு சர்க்கார் உத்தியோகம். புகழெல்லாம் என் கைக்கு வந்து சேர்ந்தது.

முதலாளி கூப்பிட்டனுப்பினார். "நாளைலேர்ந்து நீ மெத்தையில உக்காருப்பா. உன் கைல ராசி இருக்குதுன்னு ஊரே பேசிக்கினு இருக்குது. அத்த பின்கட்டுல வச்சிப் பூட்ட நான் என்னா பைத்தியமா?"

மெத்தை என்பது கடையின் முன்பகுதி. வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய மெத்தையில் கல்யாண வீட்டார் மொத்தப் பேரும் வட்டமாக உட்காருவார்கள். விற்பனையாள் நடுவில் உட்கார்ந்து புடவையை வீசிப் பிரிக்க வேண்டும். கரையைத் தன் தோளில் போட்டுக் காட்ட வேண்டும். பேசிக்கொண்டே இருக்க வேண்டும். அத்தைக்குப் பிடித்ததை நாத்தனார் வேண்டாம் என்பார். இருவரையும் சிரிக்கவைக்க வேண்டும். எனக்கென்று யாரோ உட்கார்ந்து யோசித்துத் தயாரித்த தண்டனை மாதிரி இருந்தது.

முதல் வாரம் நான் பேசிய வார்த்தைகளை ஒரு தபால் தலையின் பின்புறம் எழுதிவிடலாம். பேசாததைக்கூட மன்னித்திருப்பார்கள். கை வேர்ப்பதை மன்னிக்க முடியாது. பட்டில் ஈரம் பட்டால் காய்ந்த பிறகும் திட்டாகத் தெரியும். ஒரு மாம்பழ நிறப் புடவையில் என் விரல்கள் வரிசையாகப் பதிந்ததை மூத்த விற்பனையாள் பார்த்துவிட்டார். நல்ல மனிதர். யாருக்கும் சொல்லாமல் அந்தப் புடவையை அடியில் தள்ளிவிட்டு, என் மடியில் ஒரு துண்டைப் போட்டார். "தொடச்சிக்கினே இருப்பா. இந்தக் கையோட இங்க ரொம்ப நாள் குப்பை கொட்ட முடியாது" என்றார்.

அது எனக்கும் தெரிந்திருந்தது. பின்கட்டுக்கு வேறு ஆள் போட்டாகிவிட்டது. மெத்தையிலிருந்து இறங்கினால் அடுத்தது தெருதான். அப்பா இல்லை. அம்மா வீட்டில் பட்டு நூல் சுற்றிக் கொடுப்பாள்; அதில் வருவது அவளுடைய வெற்றிலைக்கும் விளக்கெண்ணெய்க்கும் சரியாக இருக்கும். ஆகவே இந்தப் பயத்தை எப்படியாவது ஒழித்துக் கட்டுவது என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் போக முடியாது. டாக்டரும் மனிதர்தான், அவரிடமும் பேச வேண்டும். அவர் வாசலில் உட்கார்ந்திருக்கும் நோயாளிகள் எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். கடையில் காசைக் கொடுத்தால் கேள்வி கேட்காமல் தருகிற மருந்துதான் எனக்கு லாயக்கு.

நாட்டு மருந்துக் கடையில் ஆரம்பித்தேன். அமுக்கரா சூரணத்தைப் பாலில் கலந்து குடி, நரம்பு முறுக்கேறும் என்றார்கள். ஏறியது தூக்கம்தான். மத்தியானம் கரையைத் தோளில் போட்டபடியே கண்ணை மூடிவிட்டேன். பிறகு வல்லாரை லேகியம். அது ஞாபகசக்தியை வளர்க்குமாம். நன்றாகவே வளர்த்தது. அதுவரை மறந்திருந்த அவமானங்கள்கூடத் தேதிவாரியாக நினைவுக்கு வந்தன. லேகியத்தை நிறுத்தினேன்.

அடுத்தது மெடிக்கல் ஷாப். பேருந்து நிலையத்துப் பக்கம் ஒன்று இருந்தது. கூட்டம் குறையட்டும் என்று எதிர்ச் சாரியில் நின்றுகொண்டிருந்துவிட்டு, யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போய், நரம்புத் தளர்ச்சி என்று முணுமுணுத்தேன். கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "கல்யாணம் நிச்சயமாயிருக்குதா?" என்றார். அந்தக் காலத்துச் சுவரெல்லாம் நரம்புத் தளர்ச்சி விளம்பரம்தான். அது எந்தத் தளர்ச்சி என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லை, கை நடுங்குகிறது என்றேன். "எல்லாம் அதனாலதாம்பா" என்று தீர்ப்பு சொல்லி பி காம்ப்ளக்ஸ் மாத்திரை கொடுத்தார். அது சிறுநீரை மஞ்சளாக்கியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை. மறுபடி போனேன். வேறு மாத்திரை, வேறு நிறம். மறுபடி போனேன். அவருக்கே சலித்துப் போயிருக்க வேண்டும். மேல் தட்டிலிருந்து திராட்சைக் கொத்துப் படம் போட்ட பழுப்பு நிறப் பாட்டிலை எடுத்து வைத்தார். "இந்த டானிக்க சாப்புட்டுப் பாரு. ரெண்டு ஸ்பூன் போதும். தெம்பா இருக்கும்."

இனிப்பாக இருந்தது. தொண்டையில் இறங்கும்போது சூடாக இருந்தது. அன்று காலை மெத்தையில் உட்கார்ந்தபோது, எப்போதும் நெஞ்சுக்குள் ஓடும் மில் இயந்திரம் ஓடவில்லை. எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் மனிதர்களாகத் தெரிந்தார்கள். ஒரு பாட்டியம்மாள் மூக்குத்தியைத் திருகிக்கொண்டிருந்தார், ஒருவர் கொட்டாவி விட்டார். என்னை யாருமே அப்படியொன்றும் உற்றுப் பார்க்கவில்லை. இது எனக்குப் பெரிய செய்தி. புடவையை எடுத்து வீசினேன். அழகாகப் பிரிந்து விழுந்தது. கை உலர்ந்திருந்தது.

அதன் பிறகு வந்த மாதங்களை நான் எதற்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். பேசினேன். எனக்குள் இவ்வளவு பேச்சு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியம். அத்தையையும் நாத்தனாரையும் ஒரே புடவையில் சமாதானம் செய்துவைத்தேன். ஒரு முறை நான் சொன்னதற்குப் பெண் வீட்டார் அத்தனை பேரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு என்னைப் பார்த்து இல்லை, என்னோடு சேர்ந்து. அன்று சைக்கிளை மிதித்துச் செவிலிமேட்டு வழியாகப் பாலாற்று மணல்வரை போய், ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்துவிட்டு வந்தேன். எல்லா மனிதர்களும் இப்படித்தான் வாழ்கிறார்களா, எனக்கு மட்டும் ஏன் இத்தனை நாள் தெரியவில்லை என்று ஆற்றாமையாக இருந்தது.

ஸ்பூன் கணக்கு போதவில்லை. மூடிக் கணக்கானது, பிறகு அரை தம்ளர். பாட்டிலைப் பின்கட்டில் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். மெடிக்கல் ஷாப்காரர் என்னைக் கண்டதுமே, கேட்காமலே, பாட்டிலைச் செய்தித்தாளில் சுற்றித் தர ஆரம்பித்தார். மரியாதை தெரிந்த மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது மதுவிலக்கு அமலில் இருந்தது. குடிக்க வேண்டும் என்று துடிப்பவர்கள் கள்ளச் சாராயம் தேடிப் போவார்கள். அதற்குத் துணிச்சலோ மனசோ இல்லாதவர்கள் மருந்துக் கடைக்குப் போய் இந்த மாதிரி டானிக்கைப் பாட்டில் பாட்டிலாக வாங்குவார்கள். இது ஊரறிந்த விஷயம். பின்கட்டிலேயே வளர்ந்த எனக்குத்தான் தெரியாது. பாட்டிலின் மேல் சின்ன எழுத்தில் ஆல்கஹால் என்று போட்டிருந்ததைப் படித்தேன்தான். மருந்தில் சேர்ப்பது எல்லாம் மருந்துதானே என்று எடுத்துக்கொண்டேன். கடவுள் சத்தியமாக அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

ஆவணி மாதத்து முகூர்த்தம் ஒன்றுக்காக அதே சின்ன காஞ்சிபுரத்துக் குடும்பம் வந்தது. இரண்டாவது பெண்ணுக்குக் கல்யாணம். என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். முதலாளிக்குப் பெருமை தாங்கவில்லை. கூட்டம் பெரியது, மெத்தையில் இடம் போதாமல் ஆண்கள் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். உள்ளே போய் வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஊற்றிக்கொண்டு வந்தேன்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஒரு மயில்கழுத்து நிறப் புடவையின் கரையைத் தோளில் போட்டுக் காட்டினேன். ஜரிகையைப் பார்க்கப் பெண்ணின் தாயார் என் அருகில் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றார். பிறகு நிமிர்ந்து பெஞ்சில் இருந்த கணவரைப் பார்த்தார்.

"ஏன்னா, இவன்கிட்ட என்னவோ வாடை வர்றது."

அவரே மறுபடி சொன்னார். "குடிச்சிருக்கான். முகூர்த்தப் புடவையை இந்தக் கையாலயா வாங்கிண்டு போறது? எழுந்திருங்கோ எல்லாரும்."

மொத்தக் குடும்பமும் எழுந்தது. போகும்போது மணப்பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, பயம் இருந்தது. அவள் கல்யாணத்துக்கே நான் ஏதோ கெடுதல் செய்துவிட்ட மாதிரி. அந்தப் பார்வைதான் இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியாதது.

முதலாளி கதவோரம் என்னை நிறுத்தி, "வாய ஊது" என்றார். நான் நின்றேன். "ஊதுடா!" ஊதினேன். அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். பின்கட்டுக்குப் போய் அட்டைப்பெட்டிகளை உதைத்துப் பாட்டிலை எடுத்து வந்து மெத்தைமேல் வைத்தார். காலியானவற்றையும் வைத்தார். கடை ஆட்கள், எதிர்க்கடை ஆட்கள், வாசலில் போனவர்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். அது டானிக்கு, கூச்சத்துக்குச் சாப்பிட்டேன் என்று ஒரு வரி சொன்னால் போதும். குடித்திருந்த டானிக்கெல்லாம் அந்த நேரம் பார்த்து எங்கோ போய் ஒளிந்துகொண்டது. வாயைத் திறந்தேன், காற்றுகூட வரவில்லை.

"போ வெளிய" என்றார். போனேன்.

நான் வீடு போய்ச் சேர்வதற்குள் செய்தி போய்விட்டிருந்தது. அம்மா நூல் சுற்றும் ராட்டினத்தை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். "குடிச்சிட்டு பொடவ மேல உழுந்துட்டியாமே? அய்யிரு வூட்டம்மா கையப் புடிச்சி இஸ்தியாமே?" அதற்குள் கதை இவ்வளவு வளர்ந்திருந்தது. நான் உட்கார்ந்து அழுதேன். அழுதுகொண்டே, பிறந்ததிலிருந்து யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன்.

"குடி இல்லம்மா. எனக்குப் பயம். ஆளுங்களப் பாத்தா பயம். அதுக்குத்தான் மருந்து வாங்கிக் குடிச்சேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. "எதுக்குடா பயம்? அடிக்கிறாங்களா?"

"இல்ல."

"திட்றாங்களா?"

"இல்லம்மா. பாக்கறாங்க."

தலையைத் தடவிக் கொடுப்பாள் என்று எதிர்பார்த்தேன். எழுந்து போய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"இத்த எவங்கிட்டயும் சொல்லிக்கினு இருக்காத" என்றாள். "குடிக்கிறவன் ஊர்ல எத்தினி பேரு இல்ல? விட்டுட்டா மனுசனாயிடறான். கட்டி வச்சா சரியாயிடும்னு பொண்ணு குடுக்கறாங்க. ஆளுங்களப் பாத்தா பயம்னு சொல்லு, புத்தி சரியில்லன்னுவாங்க. அப்பால உன்ன எவன் சேத்துப்பான்? குடின்னே இருக்கட்டும்."

எனக்கு அவள் மேல் அடக்க முடியாத கோபம் வந்தது. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை என்பதால் வந்த கோபம் அது.

மறுநாள் அவளே முதலாளி வீட்டுக்குப் போய் அழுதாள். தகப்பன் இல்லாத பிள்ளை, கூடா சகவாசம், விட்டுடறேன்னு சொல்றான் என்று எதையெல்லாமோ சொல்லியிருக்கிறாள். கையின் ராசியை முதலாளியும் மறக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை, போணி ஆவதற்கு முன்னால், கடை வாசலில் எல்லோருக்கும் எதிரே கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

குடியை விடுகிறவர்களுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. தட்டில் கற்பூரத்தைக் கொளுத்தி, சத்தியத்தை உரக்கச் சொல்லி, எரிகிற கற்பூரத்தை உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும். சத்தியத்தை மீறினால் சாமி சும்மா விடாது. ஆகவே நான், குடிக்காத குடியை விடுகிறேன் என்று பொய்ச் சத்தியம் செய்ய வேண்டும். ஊரார் முன்னால் நின்று, வாய் திறந்து, உரக்க. அதைச் செய்வதற்கு என்னிடம் இருந்த ஒரே மருந்தையும் அந்தச் சத்தியத்தாலேயே இழக்க வேண்டும். இதைச் சொல்லி யாரிடம் சிரிப்பது?

வெள்ளிக்கிழமை வந்தது. கடைவீதியே கூடியிருந்தது போல எனக்குத் தோன்றியது. நிஜத்தில் கடை ஆட்களும் பக்கத்துக் கடைக்காரர்களும் ஒரு டீக்கடைக்காரரும்தான். அம்மா ஓரமாக நின்றாள். அம்மன் படத்துக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்தது.

"சொல்லுப்பா" என்றார் முதலாளி.

கால் உதறியது. சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது. கையை நீட்டினேன், கை தட்டுக்கு மேலே காற்றில் ஆடியது. அவ்வளவு பேர் பார்க்க அவ்வளவு மோசமாக நான் நடுங்கியது அதற்கு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. இப்போது சிரிக்கப்போகிறார்கள் என்று காத்திருந்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. மூத்த விற்பனையாள் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "குடிய விட்டவன் கை இப்படித்தாம்பா நடுங்கும். ரெண்டு மாசத்துல சரியாப்பூடும். தைரியமா சொல்லு" என்றார். டீக்கடைக்காரர் "பாவம்" என்றார். இன்னொருவர் தன் அண்ணனும் இப்படித்தான் நடுங்கினான், இன்றைக்கு எப்படி இருக்கிறான் பார் என்று ஆறுதல் சொன்னார். என் நடுக்கத்தைப் பார்த்து மனிதர்கள் என்னிடம் அன்பாக நடந்துகொண்டது அதுதான் முதல் தடவை. இனிமே குடிக்க மாட்டேன் என்று எப்படியோ சொல்லி, அவர் பிடித்திருந்த கையாலேயே கற்பூரத்தை அடித்தேன். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுற்றி நின்றவர்களின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி மெத்தையில் உட்கார்ந்தேன். முகூர்த்தப் புடவையை மட்டும் என்னைத் தொடவிடவில்லை; ராசி போய்விட்டதாகப் பேச்சு. பயம் மாத்திரம் பழையபடி வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. மடியில் துண்டு, நனைந்த கை, வராத வார்த்தை. ஆனால் இப்போது எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் இருந்தது. புதிதாக வருகிறவர்கள் முகம் சுளித்தால், கடை ஆட்கள் காதோடு காதாக ஏதோ சொல்வார்கள். கேட்டவர்கள் இரக்கத்தோடு தலையாட்டுவார்கள். மெடிக்கல் ஷாப்காரர் ஒருநாள் வழியில் நிறுத்தி, நிறுத்திவிட்டாயாமே, நல்லது என்றார். முகத்தில் அவ்வளவு நல்லது தெரியவில்லை.

அம்மா கணக்குப் போட்டது வீண் போகவில்லை. தென்னேரிப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பெண் கொடுத்தார்கள். மாமனார் என்னைத் தனியாகக் கூட்டிப்போய் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "விட்டாச்சா?" விட்டாச்சு என்றேன். தோளில் தட்டிக் கொடுத்தார்.

என் மனைவி நல்லவள். என்ன நம்பிக்கையில் என்னைக் கட்டிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும், அதனால் அவளிடம் எப்போதும் ஒரு கூடுதல் மரியாதை. சாயங்காலம் நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே சொம்புத் தண்ணீரோடு வந்து கிட்டே நிற்பாள். சும்மா நிற்கிற மாதிரிதான் இருக்கும். மூச்சை மெல்ல உள்ளே இழுப்பாள். வாடை இல்லை என்று தெரிந்ததும் அவள் முகம் தெளிவதைப் பார்க்க வேண்டும். பகல் முழுக்கக் கல்யாணக் கூட்டத்துக்கு நடுவில் பட்ட பாட்டால் என் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அதையும் அவள் பார்ப்பாள்; வெயில் என்று நினைப்பாள். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று பல நாள் வாயெடுத்தேன். அந்த நேரம் பார்த்து, "இன்னிக்கும் இல்ல, அம்மா தாயே" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு அவள் சந்தோஷமாக அடுப்படிக்குப் போவாள். நான் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சொம்பைக் கீழே வைப்பேன்.